எல்லோருக்கும் தெரிந்த வயிற்றுப் புண்

அச்சகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஒற்றர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை திருத்தும் மேசையில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து, தன்னைத் தாண்டிப் போன தாள் ஒவ்வொன்றிலும் விட்டுப்போன க், ச், த், ப் எல்லாவற்றையும் சிவப்பு மையால் செருகிக்கொண்டிருந்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வேவு பார்க்கிறவருக்கும் அதே பெயர்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "ஒரு ஒற்றை விட்டாப் போதும், சந்தி சிரிச்சிடும்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் அவர் வாயைத் திறந்ததுமே டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

வீட்டிலும் கை சும்மா இருக்காது. மளிகைச் சீட்டு, மருந்துக் கடை விளம்பரம், எதிர்வீட்டுக் கதவில் தொங்கும் நாய் எச்சரிக்கை என்று எதையும் விடமாட்டார். அவர் மனைவி மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்தவர். ஊரார் கோபத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "உங்கள் புகார் பதிவாகிவிட்டது" என்று ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். அந்தக் குரலோடு சண்டை போட்டு ஜெயித்தவர் இதுவரை பிறக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரி முடிக்கும் வயதில் அவளுக்கு ஒரு காதல் கடிதம் வந்தது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று அதைக் கொண்டுபோய் அகராதிக்குள் ஒளித்துவைத்தாள். வீட்டில் இருந்த நூற்றைம்பது புத்தகங்களில் அவள் அப்பா தினமும் திறக்கும் ஒரே புத்தகம் அதுதான் என்பது அந்த நேரத்தில் அவள் மூளைக்கு எட்டவில்லை. ஒற்றர் கடிதத்தைப் படித்தார். கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு முன்னால் பேனா வந்துவிட்டது. பதினொரு பிழைகளைத் திருத்தி, அடியில் 'கருத்து நன்று, மொழி தேற வேண்டும்' என்று எழுதி, இருந்த பக்கத்திலேயே திரும்ப வைத்துவிட்டார். மகள் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

பையன் ஒருநாள் நேரிலேயே வந்தான். மின்தூக்கி பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. ஒற்றர் அவனுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, "'கவனம்'னு எழுதுங்க தம்பி" என்றார். வியர்த்து வழிந்துகொண்டே அவன் 'கவணம்' என்று எழுதினான்.

"கவண்னா கல்லெறியிறது. என் பொண்ணு மேல கல்லெறியப் போறீங்களா?"

"இல்லைங்க... கவனமாப் பாத்துக்குவேன்."

"வாயில சரியாத்தான் வருது. கைதான் கோணல்" என்று சொல்லிவிட்டுப் பெண்ணைக் கொடுத்தார். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. மாமனாருக்கு ஒரு தும்மல் வந்தால் இவனுக்குக் காய்ச்சல் வரும்.

ஓய்வு பெற்ற மறுவருடம் ஒற்றருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாய் வைத்ததுமே வயிறு நிரம்பிவிடும். சட்டை தொளதொளவென்று ஆனது. குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவை வாங்கிவர மகளும் மாப்பிள்ளையும் போனார்கள். வயிற்றில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை. ஊசி மருந்து கொடுத்துவிட்டு அறுவை செய்யலாம், ஆனால் நோயாளியிடம் சொல்லாமல் தொடங்க முடியாது என்றும் சொன்னார். மகள் அழுது, ஒரு வாரம் தவணை கேட்டாள். "நாங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடறோம் டாக்டர்."

அந்த ஒரு வாரத்தில் பக்குவத்துக்குப் பதிலாக ஒரு காகிதம் தயாரானது. அலுவலகக் கணினியில் மாப்பிள்ளையே தட்டி, மாமனார் கையில் கொண்டுவந்து கொடுத்தான். "ரிப்போர்ட் வந்துடுச்சு மாமா. ஒண்ணுமே இல்ல."

மனைவியும் மகளும் மாப்பிள்ளையும் அடுக்களைக்குள் போய்க் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது ஒற்றர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'நோய்: சாதாரண வயிற்று புண். பயப்பட ஒன்றும் இல்லை. மருந்துகளை கவணமாக உட்கொள்ளவும்.'

வயிற்றுக்கும் புண்ணுக்கும் நடுவில் ஒற்று இல்லை. அதை மன்னிக்கலாம்; ஆஸ்பத்திரிகளில் அதெல்லாம் சகஜம். எந்த டாக்டர் 'பயப்பட ஒன்றும் இல்லை' என்று அச்சடித்துத் தருவார் என்பது இரண்டாவது சந்தேகம். 'கவணமாக' வந்ததும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. ஊரில் ஆயிரம் பேர் அந்தப் பிழையைச் செய்யலாம். ஆனால் அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவருகிறவன் ஒருவன்தான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தும்மலுக்கே காய்ச்சல் வருகிற பிள்ளை, பொய்க் காகிதம் அடித்திருக்கிறான். அப்படியென்றால் நோய் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட அவருக்கு டாக்டர் தேவைப்படவில்லை. கை பழக்க தோஷத்தில் சட்டைப் பைக்குப் போய், சிவப்புப் பேனாவை எடுத்து, 'கவணமாக'வில் மூன்று சுழியை அடித்து இரண்டு சுழி போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் திடுக்கிட்டார். உடனே பிளேடை எடுத்து மையைச் சுரண்டினார். மை போயிற்று, கூடவே காகிதமும் கொஞ்சம் போய்ச் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஒற்றர் நடுவில் இரண்டே கேள்விகள் கேட்டார். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். எழுந்தபோது சொன்னார்: "ஒரே ஒரு உதவி டாக்டர். எனக்குத் தெரியும்கிறது என் வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏன் ஐயா?"

"அவங்க பாவம், கஷ்டப்பட்டுப் பொய் சொல்லியிருக்காங்க. வீணாகக் கூடாது பாருங்க."

அப்படித்தான் நாடகம் ஆரம்பித்தது. அப்பாவிடம் சொல்லிவிட்டதாகவும் அவர் எதிரில் நோயின் பெயரை எடுக்க வேண்டாம் என்றும் மகள் வந்து சொன்னபோது டாக்டர் தலையை ஆட்டிவைத்தார். பகல்நேரப் பிரிவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து. வீட்டில் அதற்கு 'புண் ஆத்துற ஊசி' என்று பெயர். ஒற்றருக்கு உடம்பு தாங்குகிற நாட்களில் குறும்பும் தாங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்ததும், சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஏம்மா, வயித்துப் புண்ணுக்கு முடி கொட்டுமா?"

மகள் திருதிருவென்று முழித்தாள். "அது... ஸ்ட்ராங்கான மருந்துப்பா."

மாப்பிள்ளை கை கொடுக்க ஓடிவந்தான். "என் கூட வேலை பாக்கிறவனுக்கும் இதே புண்ணுதான் மாமா. அவனுக்குப் புருவமே போயிடுச்சு!"

"அப்படியா! இப்ப எப்படி இருக்கார்?"

"புருவம் வந்துடுச்சு மாமா."

"புண்ணு?"

"அது... அதுவும்... போயிடுச்சு."

மனைவி மட்டும் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒற்றர் அன்று முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டார். இன்னொரு நாள், வயிற்றுப் புண்ணைப் பற்றித் தடியாக ஒரு புத்தகம் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் மொட்டைமாடியில் நின்றுகொண்டான்.

இந்தக் கூத்தில் முதலில் களைத்துப்போனவர் டாக்டர்தான். "ஐயா, வார்டுல இருக்கிற நர்ஸ்ங்க எல்லாரும் யார்கிட்ட எதைச் சொல்லலாம்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க. எனக்கு வைத்தியம்தான் பண்ணத் தெரியும், நடிக்கத் தெரியாது. கீழ ஒரு அம்மா இருக்காங்க, அவங்களப் போய்ப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற அம்மாவைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஒற்றர் போனார்.

ஒரு காலத்தில் சலவைத் துணி வைக்கும் அறையாக இருந்தது அது. அலமாரித் தட்டுகள் அப்படியே இருந்தன. பிளீச்சிங் வாசனையும் இருந்தது. கதவில் நீலப் பலகையில் பெரிய எழுத்தில் 'மணநல ஆலோசனை' என்று எழுதியிருந்தது. ஒற்றர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கொண்டை பாதி அவிழ்ந்திருந்தது. ஆடை தட்டிய டீ மேசையில் இருந்தது.

"வாங்க ஐயா, உக்காருங்க."

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா."

அந்தப் பெண்ணுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். "நாலு வருஷமா மாத்தச் சொல்லிட்டிருக்கேன். போன மாசம் ஒருத்தர் நிஜமாவே மகனோட ஜாதகத்தத் தூக்கிட்டு வந்துட்டார்."

"என் மாப்பிள்ளை எழுதின போர்டோ என்னவோ" என்று சொல்லிக்கொண்டே ஒற்றர் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

"மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. வயிறுதான் சரியில்ல."

"நான் டாக்டர் இல்லைங்க. இங்க வர்றவங்க பேசறதக் கேக்கறவ. வீட்டுக்காரங்க வந்தாலும் கேப்பேன். ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன்."

கேட்க ஆள் கிடைத்தால் ஒற்றருக்குச் சொல்லவா வேண்டும்? கவணத்திலிருந்து புருவம் வரைக்கும் நடித்துக் காட்டினார். அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"உங்களுக்குப் பிடிச்ச காட்சியெல்லாம் சொன்னீங்க. பிடிக்காத காட்சி எது ஐயா?"

ஒற்றர் கடிகாரத்தைப் பார்த்தார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக, நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"ஊசி போட்ட மறுநாள் மத்தியானம் வாந்தி வரும். என் வீட்டுக்காரி முதுகத் தடவிக்கிட்டே 'புண்ணு ஆறுது, அதான்'னு சொல்வா. நான் 'ஆமா'ம்பேன். அந்த 'ஆமா' இருக்கே..." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். "அது மட்டும் தொண்டையில நிக்குது."

காகிதக் கைக்குட்டைகள் இருந்த பெட்டியை அவள் அவர் பக்கம் தள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி மட்டும் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த மௌனம் ஒற்றருக்குச் சங்கடமாக இருந்தது. அதைக் கலைக்க, பையிலிருந்து ஒரு கையேட்டை எடுத்து நீட்டினார். நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி அச்சடித்து வாசலில் அடுக்கிவைத்திருந்த பன்னிரண்டு பக்கக் கையேடு. உள்ளே எங்கு பார்த்தாலும் சிவப்பு.

"நாப்பத்தி மூணு பிழை. தலைப்புலயே ரெண்டு."

அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். "இங்க ஒரு வரிய முழுசா அடிச்சிருக்கீங்க. 'தைரியமாக இருங்கள்.' அஞ்சாவது பக்கத்துலயும் அடிச்சிருக்கீங்க, ஒம்பதாவதுலயும். இதுல என்ன பிழை?"

"பிழை இல்ல. வேண்டாத வரி. யாருக்கும் பிரயோஜனம் இல்ல."

"அந்த இடத்துல என்ன போடலாம்?"

"நான் எழுதறவன் இல்லம்மா. திருத்தறவன்."

அவள் பேனாவை அவர் பக்கம் வைத்துவிட்டு மறுபடியும் சும்மா இருந்தாள். ஒற்றர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மாட்டினார், கழற்றினார். அடித்த வரிக்கு மேலே 'பயமாக இருந்தால் சொல்லுங்கள்' என்று பொடி எழுத்தில் எழுதினார்.

"யார்கிட்ட சொல்லணும்னு போடலியே?"

"அது... இடம் பத்தாது" என்றார் ஒற்றர்.

நான்காவது ஊசி நாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி, "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று வழக்கம்போல எழுந்து போனார். ஒவ்வொரு முறையும் அந்த டீ ஒரு மணி நேரம் எடுத்தது. அன்று ஒற்றர் கழிவறைக்குப் போக, மருந்துப் புட்டி தொங்கும் கம்பியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு கிளம்பினார். மேல்மாடிக் கழிவறையில் பழுது என்று நர்ஸ் அவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினாள். போகிற வழியில் நீலப் பலகை. கதவு சாத்தியிருந்தது. கதவோரம் ஒரு குடை. ஒரு கம்பி உடைந்து, அந்த இடத்தில் வெள்ளை நூலால் கட்டுப்போட்ட கறுப்புக் குடை. அந்தக் கட்டைப் போட்டவரே ஒற்றர்தான்.

தூணுக்குப் பின்னால் கம்பியோடு ஒதுங்கினார். கொஞ்ச நேரத்தில் மனைவி வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தது. குடையை எடுத்தார், சுவரைப் பார்த்து நின்று மூச்சை இழுத்துவிட்டார், முந்தானையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டார். பிறகு அந்த ஏற்ற இறக்கமில்லாத முகத்தை மாட்டிக்கொண்டு படியேறிப் போனார்.

ஒற்றருக்கு வயிற்றில் இருந்த நோய் ஒரு நொடி மறந்துபோயிற்று. இத்தனை நாளாகத் தான் மேடையில் ஆடிக்கொண்டிருக்க, டிக்கெட் வாங்காமல் உள்ளே மாட்டிக்கொண்டவள் தனியாக வெளியே வந்து அழுதிருக்கிறாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "டீ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"சூடா இருந்துச்சு" என்றார் மனைவி.

மறுவாரம் அவர் போனபோது அந்தப் பெண்ணே பேச்சை எடுத்தாள். "ஐயா, வர்ற வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க. அப்ப உங்க வீட்டு ஆளுங்க யாராவது இந்த ரூம்ல இருந்தா உங்களுக்குச் சம்மதமா? நான் வாயே திறக்க மாட்டேன். சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும்."

"சம்மதம்" என்றார். குடை இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை அந்த வீட்டில் எல்லோருக்கும் எங்கேயாவது வேலை இருந்தது. மகளுக்கு அலுவலகத்தில் கூட்டம். மாப்பிள்ளைக்கு ஏழு மாடிக் கட்டடத்தில் மின்தூக்கி நின்றுவிட்டதாம். மனைவிக்குப் பல்வலி. ஒற்றர் ஒன்பது மணிக்கே கிளம்பிப் பேருந்தில் முன்பக்கம் உட்கார்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் பின்வாசல் வழியாக ஒரு கறுப்புக் குடை ஏறியது. சட்டென்று செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வந்ததும் குடை இறங்கட்டும் என்று காத்திருந்து, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, மூச்சிரைக்கத் திரும்பி நடந்து வந்தார்.

கதவைத் திறந்தால், உள்ளே மூன்று பேர். மனைவி ஒரு நாற்காலியில், மகள் ஒரு நாற்காலியில், மாப்பிள்ளை துணி அலமாரியில் முதுகு ஒட்ட நின்றுகொண்டிருந்தான். மகளும் மாப்பிள்ளையும்கூட ஆளுக்கொரு நாள் இங்கே வந்துபோயிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் ஒற்றருக்கு உறைத்தது. அவரைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"நான் சும்மா... பல் டாக்டர் ரூம்னு நினைச்சு..."

"அப்பா, இங்க லிஃப்ட் ரிப்பேர்னு இவர் கூப்பிட்டார்..."

"ஆமா மாமா, ஏழாவது மாடி..."

"இது கீழ்த்தளம் மாப்பிள்ளை" என்றார் ஒற்றர். "நான் டயட் கேக்க வந்தேன்."

எல்லோரும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் எழுந்து தன் நாற்காலியை ஒற்றருக்குப் போட்டாள். "இந்த ரூம்ல பல் பாக்கறதில்ல. லிஃப்ட் இல்ல. டயட்டும் சொல்லித் தர்றதில்ல" என்று சொல்லிவிட்டு முக்காலியில் போய் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

மின்விசிறி டக், டக். முதலில் உடைந்தது மாப்பிள்ளைதான். "என்ன மன்னிச்சிடுங்க மாமா!" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டான். "அது புண்ணு இல்ல மாமா. அந்த ரிப்போர்ட்ட நான்தான் டைப் அடிச்சேன். அத்தைக்கும் தெரியும். கேன்சர் மாமா!" பெரிய ஆள் கேவிக் கேவி அழுதான்.

ஒற்றர் அவன் தலையைத் தொட்டார். "தெரியும் மாப்பிள்ளை. அன்னிக்கே தெரியும். 'கவனம்'ல ரெண்டு சுழி போட்டிருந்தீங்கன்னா ஒருவேளை நம்பியிருப்பேன்."

மகள் எழுந்துவிட்டாள். "அன்னிக்கேவா? அப்ப அந்தச் சீப்பு? அந்தப் புத்தகம்? சாப்பாட்டுல உக்காந்து உரக்கப் படிச்சீங்களே!"

"நல்லா நடிச்சேன் இல்ல?"

"நல்லாவே நடிக்கல" என்றார் மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள். பிறந்ததிலிருந்து ஒரே சுருதியில் பேசிய அந்தக் குரல் கொஞ்சம் ஆடியது. "மறுநாளே ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன். கவனத்துல ஓட்டை விழுந்திருந்துச்சு. வீட்ல பிளேடு வச்சுச் சுரண்டறவர் வேற யாரு? உங்களுக்குத் தெரியும்னு எனக்கு அன்னிலேருந்து தெரியும்."

ஒற்றருக்கு நோய் வந்தபோதுகூட இப்படி முகம் தொங்கியதில்லை. "அப்ப ஏன் சொல்லல?"

"அவ்வளவு ஆசையா நடிச்சீங்க. கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். சரி, தெரியாத மாதிரி இருக்கறதுதான் உங்களுக்கு ஆறுதல்போலன்னு நினைச்சேன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கறவர்கிட்ட, தெரிஞ்சும் தெரியாத மாதிரி எத்தன நாள் இருக்கலாம்னு கேக்கத்தான் இவங்ககிட்ட வந்தேன்." மூக்கை உறிஞ்சினார். "இன்னிக்கு பஸ்லயும் பாத்தேன். பேப்பருக்கு மேல வழுக்கை தெரிஞ்சுது."

முதலில் சிரித்தது மகளா, மாப்பிள்ளையா என்று பிறகு வீட்டில் பலமுறை வாக்குவாதம் நடந்தது. சிரிப்பு தொற்றிக்கொண்டு நான்கு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். முக்காலியில் இருந்தவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பின் நடுவிலேயே ஒற்றருக்கு என்னவோ ஆயிற்று. கையை நீட்டி மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்" என்றார் மனைவி.

அதற்குப் பிறகு அந்த அறையில் நெடுநேரம் யாரும் நகைச்சுவையாக ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு வயிற்றை எடுப்பார்கள், பிழைக்க எத்தனை பங்கு வாய்ப்பு, பிழைக்காவிட்டால் அம்மா எங்கே இருப்பது என்று வீட்டில் ஒருவரை ஒருவர் கேட்கப் பயந்த கேள்விகளையெல்லாம் கேட்டார்கள். சிலவற்றுக்குப் பதில் இருந்தது. பலவற்றுக்கு இல்லை. கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாள்: "இனிமே வீட்ல சண்டை வரும். இத்தன நாளா அடக்கி வச்சதெல்லாம் வெளிய வரும். வந்தாப் பயந்துடாதீங்க."

வந்தது. அறுவைக்குப் பத்து நாள் இருந்தபோது, காலையில் மனைவி எழுதிவைத்த மளிகைச் சீட்டில் ஒற்றர் 'பருப்பு' என்பதில் விட்டுப்போன ஒற்றைச் செருகினார். அவ்வளவுதான்.

"முப்பத்தி நாலு வருஷம்! நான் எழுதின ஒரு சீட்டையாவது திருத்தாமக் கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கீங்களா? கடைக்காரன் ஒற்றப் பாத்தா பருப்பு நிறுக்கறான்? ஊர்ல இருக்கிற புகாரெல்லாம் நான் கேட்டேன். என் புகார ஒருநாள், ஒரே ஒருநாள், யாராவது கேட்டிருக்கீங்களா?"

அந்தக் குரலுக்கு இவ்வளவு ஏற்றம் உண்டு என்று ஒற்றருக்கே தெரியாது. எதிர்வீட்டுக்காரர் நாயோடு வாசலுக்கு வந்துவிட்டார். ஒற்றர் கதவைச் சாத்திவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார்.

"சொல்லு. எழுதிக்கறேன்."

"என்ன கிண்டலா?"

"இல்ல. சொல்லு. புகார் எண் ஒண்ணு."

மனைவி நம்பாமல்தான் ஆரம்பித்தார். மத்தியானம்வரைக்கும் போனது. தன் அம்மா செத்தபோது அவர் அச்சகத்தில் கெடு என்று மறுநாள் வந்தது, ஓய்வு பெற்ற நாளில் தனக்குக் கொடுத்த வாழ்த்து மடலில் பிழை கண்டுபிடித்தது, தன் அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்காதது. நடுவில் இருவரும் அழுதார்கள், நடுவில் சூப் குடித்தார்கள். இருபத்தாறு புகார்கள். பதினேழாவதில் ஒற்றருக்கு நியாயமான மறுப்பு ஒன்று இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் நோட்டை மூடி, "புகார் பதிவாகிவிட்டது" என்றார். மனைவி நோட்டாலேயே அவர் தோளில் ஒன்று போட்டார்.

வயிற்றில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தார்கள். இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு கோழிக்குஞ்சுபோல ஒருநாளைக்கு ஆறுவேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழகினார். முடி வந்தது, அதுவும் சுருட்டையாக. மாப்பிள்ளை பொறாமைப்பட்டான். அந்தப் பெண்ணின் அறைக்கு மாதம் ஒருமுறை இருவரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் போய்வந்தார்கள். போகும்போது சண்டை போட்டுக்கொண்டே போனால் அவளுக்கு வேலை சுலபம் என்று ஒற்றர் சொல்வார். மூன்று வருடம் நன்றாகவே போயிற்று.

மூன்றாம் வருடப் பரிசோதனையில் கல்லீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. டாக்டர் அவரிடமே நேராகச் சொன்னார். அறையைவிட்டு வெளியே வந்தபோது மனைவி தாழ்வாரத்து நீள்பலகையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஒற்றர் கழிவறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரலாம். போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திரும்ப வந்திருக்கு. கல்லீரல்ல. சின்னதா."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மனைவி நான்கு கடலைகளை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். "நல்லா மென்னு தின்னுங்க. மருந்து இருக்காமா?"

"இருக்காம். மாத்திரையும் ஊசியும். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கார்."

"சரி. பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்க. மாப்பிள்ளைகிட்ட நான் சொல்றேன்."

"ஏன், மாப்பிள்ளைகிட்ட நானே சொல்றேனே."

"நீங்க சொன்னா அவன் அங்கயே உக்காந்து அழுவான். அவனத் தூக்கிவிட உங்களால முடியாது."

"நீ சொன்னா அழமாட்டானா?"

"நான் சாப்பாடு போட்டுட்டுச் சொல்வேன்."

ஒற்றர் யோசித்துப் பார்த்தார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. பேருந்து நிறுத்தம்வரைக்கும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். இது நடந்து பத்து மாதம் ஆகிறது. புள்ளி பெரிதாகவில்லை, போகவும் இல்லை. மருந்து நடந்துகொண்டிருக்கிறது. அன்று மாப்பிள்ளையிடம் மனைவிதான் சொன்னார், சாப்பாடு போட்டுவிட்டு. அவன் அழுதான். அழுதுகொண்டே இன்னொரு தட்டுச் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.